‘சைலன்ஸ்!’ சொல்லும் உரிமை: நம்ம சினிமாவில் லொகேஷன் சவுண்டின் 90 வருடக் கதை

இந்த எபிசோடை ஒரு விருது அறிவிப்பில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

2022 ஜூலை 22. 68-ஆவது தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்பட்ட நாள். நமக்கு அந்த நாள் ஞாபகம் இருக்குன்னா, அதுக்குக் காரணம் ‘சூரரைப் போற்று’. சிறந்த படம், சிறந்த நடிகர், சிறந்த நடிகைன்னு மொத்தம் 5 விருது. டைம்லைன் முழுக்க அன்னிக்கு அதுதான். அந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவுல, சவுண்ட் துறைக்காரங்க மட்டும் வேற ஒரு விஷயத்துக்காகக் கொதிச்சுக்கிட்டு இருந்தாங்க.

அப்போ ஒலிக்கான தேசிய விருது மூணு பிரிவா இருந்தது. அதில் ஒண்ணு, லொகேஷன் சவுண்ட் ரெக்கார்டிஸ்டுக்கு. அதாவது ஷூட்டிங் நடக்கிற இடத்திலேயே நடிகர்களின் குரலைப் பதிவு செய்றவருக்கு. இந்தப் பிரிவுக்கு ஒரு நிபந்தனையும் உண்டு: ‘சிங்க் சவுண்ட்’ படங்களுக்கு மட்டும். அந்த வருஷம் அந்த விருது ‘டொள்ளு’ என்ற கன்னடப் படத்துக்குப் போச்சு. ஆஸ்கர் வாங்கின ரசூல் பூக்குட்டி உடனே சமூக ஊடகத்தில் எழுதினார்: அது சிங்க் சவுண்ட் படமே இல்லை, டப்பிங் செய்த படம். அந்தப் படத்தின் சவுண்ட் டிசைனர் நிதின் லூக்கோஸே, ஆமா, டப்பிங்தான்னு வெளிப்படையா சொன்னார்.

ஸ்விக்கியில் ஆர்டர் பண்ணிப் பரிமாறின வீட்டுக்கு, வீட்டுச் சமையலுக்கான பரிசைக் கொடுத்த மாதிரி. டப்பிங் செய்தது படத்தின் குற்றம் இல்லை. நல்ல படங்கள் எத்தனையோ டப்பிங்கில் வந்திருக்கு. ஆனா என்னை உறுத்தினது வேற: இந்த வித்தியாசம் ஏன் யார் காதுக்கும் படலை? நடுவர்களை விடுங்க. நாம எத்தனை பேர் ஒரு படத்தைப் பார்த்துட்டு, ‘இது ஸ்பாட்ல பேசின குரல், இது அப்புறம் ஏசி ரூம்ல பேசின குரல்’னு பிரிச்சுச் சொல்வோம்?

நம்ம காது அப்படிப் பழகினதுக்கு ஒரு வரலாறு இருக்கு. ஒரு காலத்தில் செட்டில் அதிக அதிகாரம் உள்ள ஆட்களில் ஒருத்தரா இருந்தவர் சவுண்ட் ஆள். அப்புறம் அவர் காணாமல் போனார். திரும்ப வந்தார். இப்போ விருதுப் பட்டியலில் இருந்து மறுபடியும் காணாமல் போயிட்டார். அந்தக் கதைதான் இன்னிக்கு.

ரயில் நின்ற பிறகு ஆரம்பித்த பேசும் படம்

1931 மார்ச் 14. இந்தியாவின் முதல் பேசும் படம் ‘ஆலம் ஆரா’ பம்பாயில் வெளியானது. எடுத்தவர் அர்தேஷிர் இரானி. படத்தின் பிரதி இன்னிக்கு இல்லை, தொலைஞ்சு போச்சு. ஆனா எப்படி எடுத்தாங்கங்கறது தெரியும்.

அவருடைய ஸ்டூடியோ ரயில்பாதைக்குப் பக்கத்தில் இருந்தது. மௌனப்பட காலத்தில் அது பிரச்சினையே இல்லை. ரயில் கத்தினா கத்திட்டுப் போகட்டும். பேசும் படம்னு வந்ததும் அதே இடம் நரகமாயிடுச்சு. அதனால ரயில் ஓட்டம் அடங்கின பிறகு, நடுராத்திரியில் ஷூட்டிங். மைக்கை கேமரா கண்ணுக்குத் தெரியாம செட்டுப் பொருட்களுக்குள்ள ஒளிச்சு வைப்பாங்க. பாட்டு வந்தா வாத்தியக்காரங்களும் ஃப்ரேமுக்கு வெளியே எங்கேயாவது பதுங்கி உட்கார்ந்து வாசிக்கணும். நடிகர் நடிச்சுக்கிட்டே பாடணும். ஏன்னா படமும் ஒலியும் ஒரே நேரத்தில், ஒரே ஃபிலிமில் பதிவாகுது. ஒருத்தர் இருமினா மொத்த ஷாட்டும் போச்சு.

அந்த வருஷமே அக்டோபர் 31-ஆம் தேதி ‘காளிதாஸ்’ வந்தது. எச்.எம்.ரெட்டி இயக்கம், டி.பி.ராஜலட்சுமி கதாநாயகி. தமிழின் முதல் பேசும் படம்னு நாம சொல்ற படம். அதில் கதாநாயகி தமிழில் பேசினார், கதாநாயகன் தெலுங்கில் பேசினார்! அதுவும் பம்பாயில்தான் எடுக்கப்பட்டது, ஏன்னா ஒலிப்பதிவு வசதி உள்ள ஸ்டூடியோ அப்போ மெட்ராஸில் கிடையாது.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி யோசிங்க. இன்னிக்கு நாம ‘சிங்க் சவுண்ட்’னு பெருசா பேசுற விஷயம், அன்னிக்கு ஒரே வழி. வேற வழியே இல்லை. நம்ம பேசும் சினிமா பிறந்ததே லொகேஷன் சவுண்டில்தான்.

காக்கா பிரச்சினை

1934-ல் ஏ.நாராயணன் மெட்ராஸில் ஸ்ரீனிவாசா சினிடோன் என்ற ஒலிப்பட ஸ்டூடியோவை ஆரம்பிச்சார். தென்னிந்தியாவில் பேசும் படம் எடுக்க வந்த முதல் ஸ்டூடியோ. அங்கே உருவான ‘ஸ்ரீனிவாச கல்யாணம்’ மெட்ராஸிலேயே எடுத்த முதல் பேசும் படம். அதுக்கு ஒலிப்பதிவு செய்தவர் யார் தெரியுமா? நாராயணனின் மனைவி, மீனா நாராயணன். இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர்னு சினிமா வரலாற்றில் குறிப்பிடப்படுகிறவர். 1934-ல், நம்ம ஊர் செட்டில், ‘இந்த டேக் ஓகே, இந்த டேக் ஓகே இல்லை’ன்னு சொல்ற நாற்காலியில் ஒரு பெண் இருந்திருக்கார். இந்தப் பெயர் நம்ம பாடப் புத்தகத்தில் வந்திருக்க வேண்டிய பெயர்.

அன்றைய மெட்ராஸ் ஸ்டூடியோக்களுக்கு ரயிலை விடப் பெரிய எதிரி காக்கா. சிரிக்காதீங்க, நிஜமாத்தான். சக்திவாய்ந்த விளக்குகள் போதாத காலம். அதனால சூரிய வெளிச்சத்தில், திறந்தவெளியில் செட் போட்டு எடுப்பாங்க. யூனிட்டே மரத்தடியில் சாப்பிடும். சாப்பாடு இருந்தா காக்கா வரும். ராஜாவும் ராணியும் உருகி உருகிப் பாடும்போது மேலே ‘கா... கா...’. தமிழ் சினிமாவின் ஆரம்பக் காலத்தைப் பதிவு செய்தவர்கள் சொல்கிற ஒரு கதை உண்டு: காக்கா விரட்டுறதுக்குன்னே ஏர்கன்னோடு ஒரு ஆளை ஸ்டூடியோவில் வேலைக்கு வெச்சிருந்தாங்களாம்.

எனக்கு இந்தக் கதை பிடிக்கக் காரணம் காமெடி மட்டும் இல்லை. ஒரு தயாரிப்பாளர் தன் பட்ஜெட்டில், சம்பளம் கொடுத்து, அமைதிக்குன்னு ஒரு ஆளை நியமிச்சிருக்கார். குரல் கெட்டா படம் கெடும்னு எல்லோருக்கும் தெரிஞ்சிருந்த காலம் அது.

குரலும் உடம்பும் பிரிஞ்ச கதை

அடுத்த கட்டம், பாட்டு. 1935-ல் கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ், நிதின் போஸ் இயக்கத்தில் ‘பாக்ய சக்ரா’ என்ற வங்காளப் படத்தை எடுத்தது. அதில் முதல்முறையா ஒரு விஷயம் நடந்தது: பாட்டை முன்கூட்டியே பதிவு செஞ்சு, ஷூட்டிங்கில் ஒலிக்க விட்டு, நடிகர்களை வாயசைக்க வெச்சாங்க. ப்ளேபேக்.

தமிழில் இதைக் கொண்டு வந்தவர் ஏ.வி.மெய்யப்பன். 1938-ல் ‘நந்தகுமார்’ படத்தில் ஒரு நடிகையின் குரல் சரியா அமையலை. லலிதா வெங்கட்ராமன் என்ற பாடகியைப் பாட வெச்சு, திரையில் அந்தக் குரலை நடிகைக்குக் கொடுத்தார். திரையில் ஒருத்தர், குரல் இன்னொருத்தர்.

அதே மெய்யப்பன் சில வருஷத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார். 1943-ல் எடுத்த கன்னட ‘ஹரிச்சந்திரா’வை, 1944-ல் தமிழில் டப்பிங் செய்து வெளியிட்டார். ஒரு இந்திய மொழியில் இருந்து இன்னொன்றுக்கு டப்பிங் ஆன முதல் படம். 1938-ல் பாட்டுக் குரல் கழன்றது. 1944-ல் பேச்சுக் குரலும் கழன்றது. கழற்றி மாட்டலாம்னு தெரிஞ்சு போச்சு.

ஆனாலும் உடனே எல்லோரும் டப்பிங்குக்குத் தாவலை. 1950-களிலும் வசனம் பெரும்பாலும் ஸ்டூடியோ தளத்தில் பேசும்போதே பதிவானதுதான். காரணம், அப்போ எல்லாமே ஸ்டூடியோவுக்குள்ள. காடும் கோட்டையும் நீதிமன்றமும் கோடம்பாக்கம், வடபழனிச் சுவர்களுக்குள்ள. கதவை மூடினா அமைதி. கேமராவும் அதுக்கேத்தது: ‘மிட்செல்’ மாதிரியான கனமான கேமரா, சத்தம் வெளியே வராதபடி மூடின உடம்பு. நகர்த்த நாலு பேர் வேணும், ஆனா சத்தம் போடாது. நீளமான வசனங்களால நின்ன அந்தக் காலத்துப் படங்கள், சவுண்ட் ஆள் ஓகே சொன்னாத்தான் அடுத்த ஷாட் என்ற ஒழுங்கில் வந்தவை.

தையல் மெஷின் வந்தது

அப்புறம் கேமரா வெளியே போக ஆசைப்பட்டுச்சு. போகணும்னா எடை குறையணும். ஜெர்மனியின் ‘அரிஃப்ளெக்ஸ்’ கேமரா 1937-லேயே வந்தது. லென்ஸ் வழியா என்ன பதிவாகுதுங்கறதை அப்படியே கேமராமேன் பார்க்கலாம், தோளில் தூக்கிக்கிட்டு ஓடலாம். அதன் பிந்தைய மாடல்கள், குறிப்பா ‘டூ-சி’, நம்ம ஊரின் உழைக்கும் குதிரை ஆனது. ஒரே குறை: சத்தம். பக்கத்தில் ஒருத்தர் தையல் மெஷின் ஓட்டுற மாதிரி கடகடன்னு ஓடும். அதுக்குப் பக்கத்தில் நின்னு காதல் வசனம் பேசினா மைக்கில் விழுறது பாதி காதல், பாதி தையல்.

‘அப்போ உலகம் முழுக்க இதே பிரச்சினைதானே?’ன்னு கேட்கலாம். ஆமா. ஆனா மற்ற இடங்களில் அதுக்குத் தீர்வு தேடினாங்க. போலந்தில் பிறந்து சுவிட்சர்லாந்தில் வேலை செய்த ஸ்டீஃபன் குடெல்ஸ்கி என்ற பொறியாளர் 1951-ல் ‘நாக்ரா’ என்ற டேப் ரெக்கார்டரை உருவாக்கினார். போலிஷ் மொழியில் அந்தச் சொல்லுக்கு ‘அது பதிவு செய்யும்’னு அர்த்தம். 1950-களின் கடைசியில் வந்த நாக்ரா த்ரீ, கேமராவோட துல்லியமா ஒத்து ஓடும் டேப்பை ஒரே ஆள் தோளில் மாட்டிக்கிட்டுப் போகலாம்னு ஆக்கிடுச்சு. 1972-ல் அரி நிறுவனமே ‘தேர்ட்டிஃபைவ் பிஎல்’ என்ற சத்தமில்லாத கேமராவைக் கொண்டு வந்தது.

அதாவது 70-களில் தொழில்நுட்பத் தடை உலக அளவில் உடைஞ்சிடுச்சு. நம்ம இண்டஸ்ட்ரி அதுக்குள்ள வேற பாதையில் வெகுதூரம் போயாச்சு. ‘சவுண்டைப் பத்திக் கவலைப்படாதே, அப்புறம் பார்த்துக்கலாம்.’ இந்த ஒரு வரி எவ்வளவு வசதின்னு யோசிங்க. டைரக்டர் ஷாட் ஓடும்போதே ‘கண்ணைத் தூக்கு, இப்போ திரும்பு’ன்னு கத்தலாம். தமிழ் தெரியாத நடிகைக்கு உதவி இயக்குநர் கேமராவுக்குப் பின்னாடி நின்னு வரி வரியா ப்ராம்ப்ட் செய்யலாம். ஜெனரேட்டர் வேனைப் பக்கத்திலேயே நிறுத்தலாம். வேடிக்கை பார்க்கிற 500 பேரை அமைதிப்படுத்த வேண்டாம். ஸ்பாட்டில் ஒரு மைக் இருக்கும், ஆனா அதில் பதிவாகிறது ‘பைலட் ட்ராக்’, அதாவது டப்பிங் பேசும்போது பார்த்துக்கொள்ள ஒரு குறிப்பு. அவ்வளவுதான்.

இதில் ஒரு பெரிய முரண் இருக்கு. 1977-ல் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ வந்தது. தமிழ் சினிமா ஸ்டூடியோவை விட்டு நிஜ கிராமத்துக்குப் போனதுன்னு நாம கொண்டாடுற படம். நியாயமான கொண்டாட்டம். ஆனா கண் கிராமத்துக்குப் போச்சு. காது மெட்ராஸிலேயே இருந்துச்சு. நாம பார்த்த வயல் நிஜம். அதில் கேட்ட குரல் டப்பிங் தியேட்டரில் பேசினது. செட் போட்ட காலத்தில் பொய்யான இடத்தில் நிஜமான குரல். அவுட்டோர் காலத்தில் நிஜமான இடத்தில் செஞ்செடுத்த குரல்.

டப்பிங்கை வில்லனாக்க எனக்கு விருப்பம் இல்லை. அது தனிக் கலை. ‘இருவர்’ படத்தில் ஐஸ்வர்யா ராய்க்கு ரோகிணி கொடுத்த குரலையும், ‘96’-ல் த்ரிஷாவுக்கு சின்மயி கொடுத்த குரலையும் எடுத்துட்டா அந்தப் பாத்திரங்களே பாதிதான். ‘அமராவதி’யில் அஜித்துக்குக் குரல் கொடுத்தது விக்ரம்னு இன்னிக்கும் க்விஸ்ல கேட்கிறாங்க. அந்தத் தொழிலை நம்பி எத்தனையோ குடும்பங்கள் இருக்கு. நான் சொல்ல வர்றது ஒண்ணுதான்: டப்பிங் ஒரு தேர்வா இருந்தவரைக்கும் பிரச்சினை இல்லை. அது பழக்கமா மாறினப்போ, செட்டில் ‘சைலன்ஸ்!’ என்ற சொல்லுக்கு மதிப்பு போயிடுச்சு. அந்தச் சொல்லைச் சொல்ற ஆளுக்கும் போயிடுச்சு.

சரி, அந்த ஆள் என்னதான் செய்வார்?

வரலாற்றைக் கொஞ்சம் நிறுத்திட்டு ஒரு சின்னப் பரிசோதனை. இப்போ நான் 15 விநாடி பேசாம இருக்கப் போறேன். ஹெட்ஃபோனைக் கழற்றிட்டு, உங்களைச் சுத்தி என்ன கேட்குதுன்னு கவனிங்க.

[15 விநாடி அமைதி]

என்ன கேட்டுச்சு? ஃபேன். ஃப்ரிட்ஜ். மாடியில் யாரோ நாற்காலி இழுக்கிற சத்தம். குக்கர் விசில். கோயில் ஸ்பீக்கர். ரிவர்ஸ் எடுக்கிற கார். பழைய பேப்பர்காரர். இதெல்லாம் 15 விநாடிக்கு முன்னாடியும் இருந்தது. உங்க மூளை அதை வடிகட்டிக்கிட்டே இருந்தது. மைக்குக்கு மூளை கிடையாது. அது எல்லாத்தையும் சமமா எடுத்துக்கும். லொகேஷன் சவுண்ட் ஆளின் வேலை இங்கேதான் ஆரம்பிக்குது: மத்தவங்க மூளை மறைக்கிறதை அவர் கேட்கணும்.

முதல் விதி, தூரம். பேசுறவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானா, திறந்தவெளியில் குரலின் அழுத்தம் பாதியாகும், 6 டெசிபல் குறையும். ஆனா பின்னணிச் சத்தம் அப்படியே இருக்கும். அதனாலதான் நீளக் கம்பின் நுனியில் மைக்கைக் கட்டி, ஃப்ரேமின் விளிம்புக்கு ஒரு அங்குலம் மேலே, கை நடுங்காம பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் நிற்கிறார். பூம் ஆபரேட்டர். அவர் வசனத்தை மனப்பாடம் செஞ்சிருக்கணும், ஏன்னா அடுத்து யார் பேசப் போறாங்கன்னு அவர் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே மைக் அங்கே திரும்பியிருக்கணும்.

இரண்டாவது, துணி. சட்டைக்குள்ள ஒட்டுற சின்ன காலர் மைக் வசதிதான், ஆனா பட்டுப்புடவையோட சரசரப்பு வசனத்தையே தின்னுடும். வளையல், கொலுசு, கஞ்சி போட்ட வேட்டி, எல்லாமே எதிரி. காஸ்ட்யூம் டிபார்ட்மென்ட்டோட முதல் நாளே உட்கார்ந்து பேசுற சவுண்ட் ஆள்தான் கெட்டிக்காரர்.

மூணாவது, அறையின் அமைதியைப் பதிவு செய்றது. எல்லா வசனமும் முடிஞ்ச பிறகு, யாரும் அசையாம அரை நிமிஷம், ஒரு நிமிஷம் சும்மா பதிவு செய்வாங்க. ‘ரூம் டோன்’. ஒவ்வொரு அறைக்கும் ஒரு தனி அமைதி இருக்கு. எடிட்டிங்கில் இரண்டு வரிக்கு நடுவுல விழுற ஓட்டையை அடைக்க அந்த இடத்தின் அமைதியே வேணும், வேற அறையோடது ஒட்டாது.

இன்னொரு பழைய தந்திரம். யாரோ ஒருத்தர் வீட்டில் ஷூட்டிங், ஃப்ரிட்ஜை அணைக்கணும். அணைச்சுட்டா பேக்-அப் ஆகும்போது மறுபடி போட மறந்துடும், வீட்டுக்காரர் பால் கெட்டுப் போகும். அதனால சவுண்ட் ஆளுங்க தங்களோட வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சுடுவாங்க. சாவி இல்லாம வீட்டுக்குப் போக முடியாதே!

இதெல்லாம் மெஷின் விஷயம் மாதிரி தெரியும். யோசிச்சா எல்லாமே மத்தவங்களோட சம்பந்தப்பட்ட வேலை. ஃபேனை நிறுத்தச் சொல்லணும். ஜெனரேட்டரைத் தள்ளி வைக்கச் சொல்லணும். டீ க்ளாஸ் கழுவுறவரை ரெண்டு நிமிஷம் பொறுக்கச் சொல்லணும். எல்லோரும் அழுது முடிச்ச ஒரு அருமையான டேக்குக்கு அப்புறம், ‘சார், மேலே ஃப்ளைட் போச்சு, ஒன் மோர்’னு சொல்லணும். அந்த ‘ஒன் மோர்’ சொல்றதுக்கு அவருக்கு உரிமை இருக்கா? சுத்தமான லொகேஷன் சவுண்ட் முழுக்க அந்தக் கேள்வியில்தான் தொங்குது.

புஜ் பாலைவனத்தில் திரும்பி வந்த அமைதி

உரிமை திரும்பின வருஷம் 2001. ‘லகான்’. குஜராத்தில் புஜ் பக்கத்தில் ஒரு கிராமத்தையே உருவாக்கி, பெரும் கூட்டத்தை வெச்சு எடுத்த படம். தயாரிப்பாளரும் நாயகனுமான ஆமிர் கான், சிங்க் சவுண்டில்தான் எடுக்கணும்னு நின்னார். லொகேஷன் சவுண்ட், நகுல் காம்தே. அதே வருஷம் வந்த ‘தில் சாஹ்தா ஹை’ படத்திலும் சிங்க் சவுண்ட், அதுவும் காம்தேதான்.

‘லகான்’ கூட்டத்தை நினைச்சுப் பாருங்க. கிரிக்கெட் மேட்ச் பார்க்க வந்த கிராமம் முழுக்க ஃப்ரேமுக்குள்ள இருக்கு. அத்தனை பேரும் ஒரு வசனத்துக்காக மூச்சைப் பிடிச்சு நிக்கணும். அது நடக்கணும்னா முதல் உதவி இயக்குநர் முதல் சாப்பாடு பரிமாறுறவர் வரைக்கும் ஒரு ஒழுங்குக்குள்ள வரணும். சிங்க் சவுண்ட் கொண்டு வந்த பெரிய மாற்றம் அதுதான்: யூனிட் முழுக்க ஒரே நேரத்தில் வாயை மூடக் கத்துக்கிச்சு.

‘லகான்’ ஒலிக்கான தேசிய விருதை நகுல் காம்தேவோட பகிர்ந்துகிட்டவர், நம்ம சென்னையின் எச்.ஸ்ரீதர். ரஹ்மான் பாடல்களின் மிக்ஸிங் மூலம் நம்ம தலைமுறையின் காதையே செதுக்கினவர். 2008-ல் மறைந்துட்டார். தமிழிலும் 2004-ல் கமல்ஹாசன் ‘விருமாண்டி’யை ஸ்பாட் சவுண்டில் எடுத்தார். அந்தப் படத்தில் ஒருத்தர் பேச்சில் இன்னொருத்தர் குறுக்கே விழுற, மூச்சு வாங்குற, கத்திக் குரல் உடைகிற அந்த மதுரைப் பேச்சை மறுபடி போட்டுக் கேளுங்க. டப்பிங் தியேட்டரில் ஒருத்தர் ஒருத்தராப் பேசி இந்தச் சூட்டைக் கொண்டு வர்றது ரொம்பக் கஷ்டம்.

2009-ல் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தின் ஒலிக்கு ஆஸ்கர். இயன் டாப், ரிச்சர்ட் ப்ரைக், ரசூல் பூக்குட்டி மூணு பேருக்கும். இதில் மும்பைத் தெருக்களில் நின்னு லொகேஷன் சவுண்டைப் பதிவு செய்தவர் ரசூல். உலகத்திலேயே சத்தமான நகரங்களில் ஒண்ணில் சுத்தமா பதிவு செய்ய முடியும்னா, ‘நம்ம ஊர்ல நடக்காது சார்’ என்ற சாக்கு அன்னிக்கே செத்துப் போச்சு.

அதுக்கு அப்புறம்தான், 2009-ஆம் ஆண்டுப் படங்களுக்கான 57-ஆவது தேசிய விருதில் இருந்து, ஒலி விருது மூணாப் பிரிஞ்சது: லொகேஷன் சவுண்ட், சவுண்ட் டிசைன், இறுதி மிக்ஸிங். முதல்முறையா, வெயிலில் பூம் கம்பியோட நின்ற ஆளுக்குன்னு அரசாங்கத்தின் பட்டியலில் ஒரு வரி.

அந்த வரி இப்போ இல்லை

இப்போ 2022-க்கு வந்துட்டோம். டப்பிங் படத்துக்கு லொகேஷன் சவுண்ட் விருது. எனக்கு அதைக் கேட்டதும் கோபத்தை விட வருத்தம்தான். 40, 50 வருஷப் பழக்கத்தில், குரல் எங்கே பிறந்ததுன்னு கேட்கிற பழக்கமே நம்மகிட்ட இருந்து போயிடுச்சுங்கறதுக்கு அது ஒரு சான்றிதழ்.

அடுத்து நடந்தது இன்னும் யோசிக்க வைக்குது. 2024-ல் தேசிய விருதுகளின் விதிகளை மாத்தி அமைச்சாங்க. ஒலிக்கான மூணு பிரிவுகள் போய் ஒரே பிரிவு: சிறந்த ஒலி வடிவமைப்பு. பரிசுத் தொகை 50,000 ரூபாயில் இருந்து 2 லட்சமாக உயர்ந்தது. அந்த வருஷம் அறிவிச்ச 70-ஆவது விருதில், ‘பொன்னியின் செல்வன் 1’-க்காக ஆனந்த் கிருஷ்ணமூர்த்தி வாங்கினார். தகுதியான கலைஞர், சந்தேகமே இல்லை. ஆனா லொகேஷன் சவுண்டுக்கான தனி விருது இனி கிடையாது.

ஆஸ்கரிலும் ஒலி விருதுகளை ஒண்ணாச் சேர்த்தாங்க, 2021-ல். ஆனா அங்கே சேர்த்த விதம் வேற. அந்த வருஷம் ‘சவுண்ட் ஆஃப் மெட்டல்’ ஜெயிச்சப்போ 5 பேர் பெயர் படிக்கப்பட்டது. அதில் ஒருத்தர் ஃபிலிப் ப்ளாட், ஷூட்டிங் ஸ்பாட்டில் ஒலிப்பதிவு செய்தவர். அவங்க பிரிவைத்தான் குறைச்சாங்க. ஸ்பாட்ல நின்ன ஆளோட பேரை விடலை.

‘ஒரு விருது போனா என்ன?’ன்னு தோணலாம். விருதில் இருக்கிறது பேரு. பேரு இருந்தாத்தான் சம்பளம் பேச முடியும். சம்பளம் இருந்தாத்தான் அடுத்த தலைமுறைப் பசங்க பூம் பிடிக்க வருவாங்க. மதிப்பு இருந்தாத்தான் அவர் ‘ஒன் மோர்’னு சொல்லும்போது டைரக்டர் திரும்பிப் பார்ப்பார்.

‘ஏஐ பார்த்துக்கும்’

இதைக் கேட்கிற உங்கள்ல நிறைய பேர் ரீல்ஸ் எடுக்கிறவங்க, குறும்படம் எடுக்கிறவங்க, கல்லூரி ப்ராஜெக்ட் எடுக்கிறவங்க. உங்களுக்கு அடுத்து வர்ற கேள்வி தெரியும்: இப்போதான் ஒரு க்ளிக்கில் சத்தத்தை நீக்குற சாஃப்ட்வேர் வந்துடுச்சே? 2019-ல் இருந்து சின்ன ரெக்கார்டர்களிலேயே ‘32-பிட் ஃப்ளோட்’ வந்துடுச்சு. யாராவது திடீர்னு கத்தினாக்கூட பதிவு உடையாதே?

உண்மைதான். நானும் இந்த நிகழ்ச்சிக்கு அந்தக் கருவிகளைப் பயன்படுத்துறேன். 32-பிட் ஃப்ளோட், லெவல் தப்பானதைத் திருத்த உதவும். ஆனா மைக் பத்து அடி தள்ளி இருந்ததை அது திருத்தாது. சாஃப்ட்வேர் ஃபேன் சத்தத்தை எடுத்துடும். கூடவே, வார்த்தைக்கு முன்னாடி வர்ற அந்தச் சின்ன மூச்சையும் எடுத்துடும். சில சமயம் அந்த மூச்சில்தான் நடிப்பே இருக்கும்.

நல்லா கவனிச்சா, ‘ஏஐ பார்த்துக்கும்’ என்பது புது வாக்கியம் இல்லை. ‘டப்பிங்ல பார்த்துக்கலாம்’ என்பதன் பேரன்தான் அது. முதல் தடவை அந்த வாக்கியத்தை நம்பினப்போ நம்ம நடிகர்களோட நிஜக் குரலை ஒரு முழுத் தலைமுறைக்கு இழந்தோம். 70-கள், 80-களின் கிராமங்களை நாம வண்ணத்தில் சேமிச்சு வெச்சிருக்கோம். அந்த ஊர்கள் எப்படிச் சத்தம் போட்டுச்சுன்னு நம்ம சினிமாவில் ரொம்பக் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு. ரெண்டாவது தடவை எதை இழக்கப் போறோம்னு இப்பவே யோசிக்கலாம்.

அதனால ரெண்டு வேண்டுகோள். அடுத்து தியேட்டரில் படம் முடிஞ்சதும் உடனே எழுந்திருக்காம, க்ரெடிட்ஸில் லொகேஷன் சவுண்ட், பூம் ஆபரேட்டர் பேர் இருக்கான்னு பாருங்க. இருந்தா படிங்க. அடுத்து நீங்களே ஏதாவது எடுக்கும்போது, அது மூணு பேர் யூனிட்டா இருந்தாக்கூட, ஹெட்ஃபோன் போட்டிருக்கிற ஆளுக்கு ஒரு உரிமையை முன்கூட்டியே கொடுத்துடுங்க: டேக் எவ்வளவு நல்லா வந்திருந்தாலும், அவர் ‘ஒன் மோர்’னு சொன்னா, காரணம் கேட்காம இன்னொரு முறை எடுக்கணும்.

ஒரு காலத்தில் காக்காவை விரட்டவே சம்பளத்துக்கு ஆள் வெச்சதா கதை சொல்ற ஊர் இது. நம்மால ஒரு ஃபேனை அணைக்க முடியாதா என்ன?

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.